பன்னிரண்டு மீட்டர் கிழக்கே

தண்ணீர்த் தொட்டியின் தலையில் ஒரு கிளிக். அவ்வளவுதான் அவள் செய்த பாவம். அதுவும் ஐந்து வருஷத்துக்கு முன்னால், வேலையில் சேர்ந்த புதிதில், சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் செய்தது.

நில அளவை அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். கம்ப்யூட்டரில் வெயில் அடிக்கிறதென்று ஜன்னலுக்குக் கெட்டித் துணி போட்டு, அதைத் திறப்பதையே எல்லாரும் மறந்துபோன அறை. அதற்குள் உட்கார்ந்து நாளெல்லாம் ஊரை மேலிருந்து பார்ப்பாள். நாற்பது வருஷத்துக்கு முன் விமானத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை, இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்த வேண்டும். அன்றைக்கு எது எங்கே இருந்தது, இன்றைக்கு அங்கே என்ன முளைத்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். பழைய படத்தில் ஒரு இடத்தைத் தொட்டு, புதுப் படத்தில் அதே இடத்தைத் தொட்டால் போதும். இப்படி நாலைந்து இடங்களைக் காட்டிவிட்டால், மிச்சத்தை மென்பொருளே இழுத்துப் பொருத்திக்கொள்ளும்.

அப்படிப் பொருத்தித்தான் ஐந்து வருஷத்துக்கு முன் தூர்ந்துபோன மழைநீர்க் கால்வாய்க்கு அவள் கோடு போட்டாள். ஒவ்வொரு மழைக்கும் ஊர் மிதக்கிறது என்பதால், கால்வாயைப் பழைய தடத்திலேயே திரும்ப வெட்டப்போகிறார்கள். அவள் குடியிருக்கும் குறுகலான தெருவில் கோடு மேற்கு வரிசையின் மேல் போனது. பதினொரு வீடுகள். வருகிற திங்கட்கிழமை இடிக்கிறார்கள்.

வியாழக்கிழமை காலை தையல்காரம்மா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். இவளுக்கு எதிர்வீடு, மேற்கு வரிசை.

“எதிர்வீட்டுப் பொண்ணாச்சேன்னு நம்பி வந்தேம்மா. நான் மருமகளா வந்தப்போ வாசல்ல நின்னு பாத்தா எதிர்ல தண்ணி ஓடும். உங்க பக்கம்மா! எங்க வீட்டுக்கடியில எப்படி வரும்?”

இவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். பழைய படத்தையும் புதுப் படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். கறுப்புக் கோடாகக் கால்வாய். அதே இடத்தில் தையல்காரம்மாவின் மொட்டை மாடி, கொடியில் காய்ந்த துணி வரைக்கும் தெரிந்தது.

“மனுஷங்களுக்கு மறந்துபோகும்மா. படத்துக்கு மறக்காது.”

“படம் எடுத்தவன் மேலே பறந்து போயிட்டான். நான் அங்கேயேதானே இருந்தேன்?” என்றாள் தையல்காரம்மா. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

பாவம் என்று இவளுக்கும் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் வேலை ஆகுமா? மேலாளர் தோண்டுகிறவர்களுக்குத் தெளிவான படம் கேட்டிருந்தார். பழையதில் அந்த மூலை மங்கலாக இருந்ததால், விமானம் நாலு நொடி தள்ளி எடுத்த அடுத்த படத்தை எடுத்தாள். அதில், உயரமான கால்களில் நிற்கும் தண்ணீர்த் தொட்டி நட்டநடுவில், மேலிருந்து பார்த்த சோற்றுப்பானை மாதிரி வட்டமாக இருந்தது. பொருத்தினாள். கால்வாய் பன்னிரண்டு மீட்டர் கிழக்கே போய் விழுந்தது.

‘சனியன், படம் சரியில்லை’ என்று மறுபடி பொருத்தினாள். மறுபடியும் பன்னிரண்டு மீட்டர். மூன்றாவது தடவையும் அப்படியே ஆனதும்தான் பழைய படத்துக்குப் போய், தொட்டியை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கினாள். அந்தப் படத்தில் தொட்டி நடுவில் இல்லை, ஓரத்தில் இருந்தது. ஓரத்தில் இருக்கிற உயரமான எதுவும் படத்தில் வெளிப்பக்கமாகச் சாய்ந்து தெரியும். இந்த வேலையில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. தொட்டியின் நாலு கால்களும் ஒரு இடத்தில், தலை பன்னிரண்டு மீட்டர் கிழக்கே தள்ளி இன்னொரு இடத்தில். தரையில் ஊன்றிய காலைத் தொட்டிருக்க வேண்டியவள் தலையைத் தொட்டிருக்கிறாள். குடிசைகளெல்லாம் மாடி வீடுகளாகிவிட்ட அந்த மூலையில் நாற்பது வருஷமாக மாறாமல் நின்றது தொட்டி ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு மொத்த மூலையும் மேற்கே நகர்ந்துவிட்டது.

சரியான கோடு இப்போது கிழக்கு வரிசையின் நடுவில் ஓடியது. அதில் நாலாவது வீடு அவளுடைய அக்கா வீடு. அந்த வீட்டு மாடியறையில்தான், கட்டினவன் வேண்டாமென்று வந்த இவள் ஐந்து வருஷமாக இருக்கிறாள்.

யார் பார்த்தார்கள் என்று ஒரு கணம் அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒருவரும் பார்க்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

சாயங்காலம் அக்கா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இவள் மென்று முழுங்கி, சுற்றி வளைத்து, கடைசியில் சொல்லியே விட்டாள். “கோடு தப்புக்கா. கால்வாய் மேற்கு வரிசையில இல்ல. நம்ம வீட்டுக்கடியில.”

அக்கா திடுக்கிடவில்லை. குழாயை மட்டும் மூடினாள்.

“மெதுவாப் பேசுடி. அதான் எங்களுக்குத் தெரியுமே.”

“என்ன தெரியும்?”

“அஸ்திவாரம் தோண்டுறப்பவே உங்க மாமா பாத்தாரு. கறுப்புச் சேறு, கூடை கூடையா நத்தை ஓடு. கால்வாய்க்கு வரைபடம் போடுறாங்கன்னதும் எங்க வீடு போச்சுன்னே நெனச்சோம். அப்புறம் நீ கோட்டைத் தள்ளிப் போட்டு எங்களைக் காப்பாத்தின. அன்னைக்கே உங்க மாமா சொன்னாரு, அவ வாயைத் திறந்து சொல்ல மாட்டா, நாமளும் கேக்கக் கூடாது, மாடியறையை அவளுக்கே குடுத்துடுன்னு.”

இவளோ தங்கை என்ற பாசத்தில் கொடுத்த அறை என்றல்லவா இத்தனை நாளாக நினைத்திருந்தாள்!

“அக்கா, நான் தெரிஞ்சு செய்யல. சத்தியமா கை தவறிப் போச்சு.”

அக்கா ஈரக்கையோடு அவள் கன்னத்தைக் கிள்ளினாள். “என்கிட்ட கூடவா நடிக்கிற? யார் கேட்டாலும் இப்படியே சொல்லு. திங்கட்கிழமை வரைக்கும் கண்டும் காணாம இரு. அப்புறம் எல்லாம் அடங்கிடும்.”

மாடியறையில் நாலு எட்டு வைத்தால் சுவர். திரும்பினால் இன்னொரு சுவர். ஜன்னலுக்கு நேரெதிரே தையல்காரம்மா மெஷினை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். யாருக்கோ தைக்கத் தொடங்கிய பாவாடை ஊசியிலேயே நின்றிருந்தது. அதைக் கழற்றுவதா, முடித்துவிட்டுக் கட்டுவதா என்று அவள் திணறுவது இங்கிருந்தே தெரிந்தது. இவள் ஜன்னலைச் சாத்தினாள். தெரியாமல் செய்தது தவறு, சரி. தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டால் அதற்குப் பேரென்ன? சொன்னால் கூடப்பிறந்தவள் வீடு போகும். சொல்லாவிட்டால் ஒரு பாவமும் அறியாத பதினொரு வீடு போகும். இந்தப் பாழாய்ப்போன வேலைக்கு வந்ததற்குப் பதில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்திருக்கலாம் என்று அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலை மேலாளரின் மேஜையில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

மேலாளர் சிடுமூஞ்சி, ஆனால் வேலை தெரிந்தவர். தொட்டியைப் பார்த்த மாத்திரத்தில் “அட ராமா, தலையைப் பிடிச்சிருக்கீங்க!” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “கிழக்கு வரிசையில உங்களுக்கு வேண்டியவங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார்.

“அக்கா வீடு சார். நானும் அங்கதான் இருக்கேன்.”

அவர் பேனாவை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “தன் தலையில தானே மண்ணள்ளிப் போட்டுக்க யாரும் இப்படி வந்து நிக்க மாட்டாங்கம்மா. கவனக்குறைவுன்னு எழுதறேன். ஒரு கண்டிப்போட போயிடும். திங்கட்கிழமை இடிக்கிறதை நிறுத்திட்டு நானே நேர்ல வந்து அளக்கிறேன்.”

வெளியே வந்தவளுக்கு முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு அப்போதுதான் மூச்சு வந்தது. ஒருத்தராவது நம்பினாரே! வீட்டில் சொன்னபோது அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாடிக்குத் தட்டு வந்தது, பேச்சு வரவில்லை.

திங்கட்கிழமை மேலாளர் அளவு நாடாவோடு வந்தார். ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள். கிழக்கு வரிசை நாலாவது வீட்டுச் சுவரில் சிவப்புச் சாயத்தால் குறி போட்டதும் அக்கா வாசலுக்கு ஓடிவந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

“ஐயா, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எங்களுக்காகத்தான் அவ கோட்டைத் தள்ளிப் போட்டா. இப்ப எங்க மேல என்ன கோவமோ, திருப்பிப் போடுறா. கோவத்துல போடுற கோட்டையா நம்பப் போறீங்க? அவகிட்டயே கேளுங்க!”

வஞ்சத்தில் சொல்லவில்லை அவள். அப்படித்தான் முழுமனசாக நம்பினாள். அந்த நன்றியில்தான் ஐந்து வருஷம் சோறு போட்டாள்.

மேலாளர் நாடாவை மெல்லச் சுருட்டினார். “என்னம்மா இது?”

“இல்ல சார். வியாழக்கிழமை வரைக்கும் எனக்கே தெரியாது.”

தையல்காரம்மா தன் படியிலிருந்து இறங்கித் தெருவைக் கடந்து வந்தாள். வீடு தப்பியவள், கையைப் பிடித்து ஒரு நல்ல வார்த்தை சொல்லத்தான் வருகிறாள் என்று இவள் நினைத்தாள். அவள் ஒரு எட்டுத் தள்ளியே நின்றாள்.

“அப்போ அன்னைக்கு என்னை உக்கார வச்சு படத்துக்கு மறக்காதுன்னு சொன்னப்போ, எல்லாம் தெரிஞ்சுதான் சொன்னியா?”

“இல்லம்மா. சத்தியமா இல்ல.”

தையல்காரம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கிழக்கு வரிசையும் மேற்கு வரிசையும் அன்றைக்கு ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின: இவள் தெரிந்துதான் செய்தாள் என்று.