கள்ளிப்பாறையில் என் பெயர்

பத்து வருடம் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அவைக் குறிப்புகளில் என் பெயர் ஒன்பது இடத்தில் வருகிறது. அதில் ஆறு இடத்தில் 'சென்னிமலை குறுக்கிட்டார்' என்று மட்டும் இருக்கும். என்ன சொல்லிக் குறுக்கிட்டேன் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. மீதி மூன்றில் ஒன்று, மைக் வேலை செய்யவில்லை என்று நான் புகார் சொன்னது. மைக் வேலை செய்தது. அதனால்தான் பதிவாகியிருக்கிறது.

என் தொகுதி பாலக்காட்டின் கிழக்கு ஓரம். பெருமாட்டியைத் தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே வேலந்தாவளம் சந்தையைப் பார்த்துப் போனால், வழியில் கள்ளிப்பாறை முக்கு வரும். அங்கே கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. எந்த இடத்தில் என்று யாரும் குனிந்து பார்த்ததில்லை. அப்துல் ஷுக்கூரின் டீக்கடை கேரளத்தில் இருக்கிறது. அவர் டம்ளர் கழுவி ஊற்றும் தண்ணீர் தமிழ்நாட்டுக்குப் போகிறது. எங்கள் எல்லைத் தகராறு அதோடு சரி.

கேரளத்தில் ஒருவர் எம்.எல்.ஏ.வாக இருந்தார் என்பதற்குச் சாட்சி, பஸ் நிறுத்தத்தில் அவர் பேர் எழுதிய வெயிட்டிங் செட். சட்டம் கொண்டுவந்தாரா, கேள்வி கேட்டாரா என்றெல்லாம் மழையில் நனைகிறவன் விசாரிக்க மாட்டான். தலைக்கு மேலே கூரை, கூரைக்கு மேலே நம்முடைய பேர். நான் மொத்தம் பதினேழு கட்டினேன். அதில் கள்ளிப்பாறை செட்தான் என் உயிர். எட்டுப் பேர் நெருக்கி உட்காரலாம். என் பேர் மட்டும் இருபதடி நீளம், மலையாளத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. பக்கத்தில் என் படம். அதில் எனக்கு முடி இருக்கிறது.

இடம் பார்க்கப் போன அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காரைவிட்டு இறங்கி, டீக்கடைக்கு நேர் எதிரே நின்று, "இங்கதான்" என்று விரலை நீட்டினேன். படம் எடுக்க வந்திருந்தவர் முகத்தில் வெளிச்சம் சரியாக விழவில்லை என்றார். நாலு அடி கிழக்கே தள்ளி நின்றேன். கையைக் கட்டினால் கம்பீரமாக இருக்கும் என்றார். கட்டினேன். ஒரு காலைத் தூக்கி எதன் மேலாவது வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் காலை வைத்தேன். நான் நின்ற இடத்தையே வைத்துக் காண்ட்ராக்டரின் ஆட்கள் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கல் இடைஞ்சலாக இருந்ததால் அஸ்திவாரத்திலேயே போட்டுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். சிக்கனமான ஆட்கள் என்று பாராட்டவும் செய்தேன்.

மூன்றாம் முறை நிற்கக் கட்சி எனக்கு எளிதில் இடம் தரவில்லை. சென்ற தடவை நான் ஜெயித்தது இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில். "இந்தவாட்டி தோத்தா ஊட்டுல உட்கார வேண்டியதுதான்" என்று மாவட்டத்தில் பெரியவர் ஒருவர் சொன்னார். வீட்டில் உட்காருவது எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் அங்கே என் மனைவி சாந்தம்மாளும் உட்கார்ந்திருப்பாள்.

இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றாகத் தேர்தல் அறிவித்ததும் நடத்தை விதி வந்தது. அதிகாரிகள் ஊர் ஊராகப் போய் எம்.எல்.ஏ. பேர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் காகிதம் ஒட்டி மூடினார்கள். இரண்டே நாளில் என் பதினாறு செட்டும் தலையில் கட்டுப்போட்ட நோயாளிகள் மாதிரி ஆகிவிட்டன. பத்து வருடம் உழைத்துச் சேர்த்த புகழ் பழைய செய்தித்தாளுக்கு அடியில் போய்விட்டது.

மூன்றாம் நாள் என் உதவியாளர் ஜிஜோ மூச்சிரைக்க ஓடிவந்தார். ஜிஜோ கோட்டயத்துக்காரர். என்னோடு எட்டு வருடம் சுற்றியதில் தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒரே குழம்பாகிவிட்டன.

"சாரே, கள்ளிப்பாறையில மூடியிட்டில்லா! நம்ம ஆளுக வந்து நோக்கிட்டு, இது தமிழ்நாடு மாதிரி இருக்கு, நமக்கு எந்தினு வம்புன்னு போயிட்டாங்க."

"தமிழ்நாட்டு ஆளுக?"

"அவரும் வந்து. இந்தப் பேருல நமக்கு ஸ்தானார்த்தியே இல்லையேன்னு போயி."

ஸ்தானார்த்தி என்றால் வேட்பாளர். மொத்தத் தொகுதியிலும் வெயிலில் மின்னிக்கொண்டிருப்பது என் பேர் ஒன்றுதான். விவரமுள்ளவனாக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் அன்று மாலையே பிரச்சார ஜீப்பைக் கள்ளிப்பாறையில் நிறுத்தி மைக்கைப் பிடித்தேன்.

"பதினாறு இடத்துல என் பேரை மூடுனாங்க. இந்தக் கள்ளிப்பாறையில தொட முடிஞ்சுதா? தொட முடியாதுங்க! மக்கள் மனசுல எழுதுன பேருங்க இது!"

கை தட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேர் கோயம்புத்தூர்ப் பஸ்ஸுக்காக நின்றவர்கள் என்று ஷுக்கூர் பிறகு சொன்னார்.

மறுநாளே எதிர்வேட்பாளர் புகார் கொடுத்துவிட்டார். என்னைவிடக் கெட்டிக்காரர். இரண்டே வரிதான் எழுதியிருந்தார். செட் கேரளத்தில் இருந்தால் பேரை ஏன் மூடவில்லை? தமிழ்நாட்டில் இருந்தால் நம் தொகுதி நிதி அங்கே ஏன் போனது?

விசாரிக்க வந்தவர் வில்லேஜ் ஆபீசர் டின்சி. முப்பது வயதுப் பெண், கையில் டேப்பு, முகத்தில் தூக்கம். நேற்று முழுக்கப் பசை தடவிய கை இன்னும் காயவில்லை என்றார். என்னைத் தனியாக அழைத்துப்போய், நல்ல மனதோடு ஒரு வழியும் சொன்னார்.

"சாரே, எனக்கும் ஜோலி தீரணும். இது கேரளத்துலதான்னு ஒரு வரி எழுதித் தந்தா மதி, அது போதும். நான் ஒரு பேப்பர் ஒட்டி மூடிட்டு ரிப்போர்ட் குடுத்துடறேன். அவ்வளவுதான். பின்னே ஆரும் அளக்க வர மாட்டாங்க."

அன்று மதியம் வீட்டில் இதைச் சொன்னபோது சாந்தம்மாள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, ஒரு மாசத்துக்கு மூடி வெச்சா உங்க பேரு என்ன புளிச்சா போயிரும்?"

"உனக்கு அரசியல் தெரியாது."

"தெரியாதுதானுங்க. பதினேழுல பதினாறை மூடியாச்சு. இந்த ஒண்ணுக்காக எம்மெல்லே வேலையவே தொலைச்சுப் போடாதீங்க. நாளைக்கு மத்தியானமும் இங்கியேதான் உக்காந்திருப்பீங்க, எனக்கு அதுதான் கவலை."

அந்தப் பெண்ணும் இவளும் சொன்னது ஒன்றுதான். ஒரு கையெழுத்து, ஒரு காகிதம், ஒரு மாதம். ஆனால் அந்த இருபதடிப் பேரின் மேல் செய்தித்தாள் ஒட்டுவதை நினைத்தால் என் முகத்திலேயே ஒட்டுவதுபோல் இருந்தது. மாலை கள்ளிப்பாறையில் டின்சியிடம் நிமிர்ந்து நின்று சொன்னேன்.

"மேடம், எல்லை எங்க இருக்குதுன்னு மொதல்ல காட்டுங்க. கல்லு எங்கீங்க? கல்லே இல்லாத எடத்துல, இது கேரளா, அது தமிழ்நாடுன்னு நான் எப்படி எழுதறது? கல்லைக் காட்டுங்க, அப்பறம் மூடுங்க."

கூடியிருந்தவர்கள் அசந்துவிட்டார்கள். நானும்தான். அவைக் குறிப்பில் ஏறியிருக்க வேண்டிய பேச்சு. டின்சி தேடிப் பார்த்தார், கல் கிடைக்கவில்லை. பெருமூச்சு விட்டு டேப்பைச் சுருட்டினார். ஜெயித்துவிட்டேன். ஜெயித்தவன் சும்மா இருக்கக் கூடாதா?

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வந்தாலும் என் வளர்ச்சி மலரை ஒரு பிரதி கொடுத்து அனுப்புவேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கம், வழுவழுத் தாள், எல்லாப் பக்கத்திலும் நான். கல்யாணத்துக்குப் போனாலும் கொடுப்பேன், கருமாதிக்குப் போனாலும் கொடுப்பேன்.

"ஜிஜோ, மேடத்துக்கு நம்ம மலர் ஒண்ணு குடு. பாவம், வெயில்ல வந்திருக்காங்க."

டின்சி மரியாதைக்குப் புரட்டினார். நாற்பத்தோராம் பக்கத்தில் அவர் கை நின்றது. முகத்திலிருந்த தூக்கம் போய்விட்டது.

பக்கம் முழுக்க நான் கைகட்டி நிற்கிறேன். பின்னால் மின்கம்பம், அதன் எண்கூடத் தெளிவாகத் தெரிகிறது. முன்னால் என் வலது கால். செருப்புக்கு அடியில் கல். கல்லின் முகப்பில் ஒரு ஓரத்தில் கேரளா என்றும், மறு ஓரத்தில் தமிழ்நாடு என்றும் செதுக்கியிருந்தது. படத்துக்குக் கீழே தடித்த எழுத்தில்: 'எல்லை அறியாத சேவை'. அந்த வரியை எழுதியவன் நான்தான்.

மின்கம்பம் இன்னும் அதே இடத்தில் நின்றது. டின்சி டேப்பை மறுபடி விரித்தார். படத்தையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்து அளந்து, செட்டின் மேற்குத் தூணுக்கு அடியில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்தார்.

"இதாணு சாரே, கல்லு."

ஒரு தூண் கேரளத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மீதி மூன்று தூண், பெஞ்சு, கூரை, பேர், முடியுள்ள படம் எல்லாம் தமிழ்நாடு.

ஷுக்கூர் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"அட, நான் அப்பவே நெனச்சேனுங்க. எம்மெல்லே என்னடா எல்லைக்கல்லு மேல மிதிச்சுக்கிட்டு நிக்கறாருன்னு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, பாய்!"

"நல்லாப் போஸு குடுத்துட்டு இருந்தீங்க. கெடுக்க வேண்டாம்னு உட்டுட்டனுங்க."

டின்சி நேர்மையாக ரிப்போர்ட் எழுதினார். பேரை மூடத் தனக்கு அதிகாரமில்லை என்றும் எழுதினார். ஆக, நான் கேட்டது கிடைத்தது. தேர்தல் முடியும்வரை என் பேரை யாரும் மூடவில்லை. எதிர்வேட்பாளரே ஆள் வைத்து அதைத் துடைத்துப் பளபளப்பாக்கினார் என்று சொன்னார்கள். அவருடைய ஜீப்பு தினமும் அங்கே நின்று, "பக்கத்து மாநிலத்துக்குப் பந்தல் போட்ட நம்ம எம்.எல்.ஏ.வைப் பாரீர்" என்று என் பேரைக் காட்டியே ஓட்டுக் கேட்டது. நாற்பத்தோராம் பக்கத்தைப் பெரிதாக்கி, நான் அச்சடித்ததைவிட அதிகமாக அச்சடித்துக் கொடுத்தார்.

ஆயிரத்து நூற்றெட்டு ஓட்டில் தோற்றேன். சாந்தம்மாள் மதியத்துக்கு ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போட்டாள்.

முடிவு வந்து ஒரு வாரம் கழித்து வேலந்தாவளத்துக்கு ஒரு துக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வந்த கார் கட்சிக்காரருடையது. பாதி வழியில் அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது. எம்.எல்.ஏ. அல்லாதவனோடு போகிறவர்களுக்கு அடிக்கடி அப்படி வேலை வரும். கள்ளிப்பாறையில் இறக்கிவிட்டார். என் செட்டில் முதல் தடவையாக உட்கார்ந்தேன். பெஞ்சு முதுகைக் குத்துகிறது. கட்டிய காலத்திலேயே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

ஷுக்கூர் டீயோடு வந்தார்.

"எங்க மக ருக்கியாவ அந்தப் பக்கம் கட்டிக் குடுத்திருக்குதுங்களே, அவ உங்குளுக்கு ஓட்டுப் போடோணும்னே போயிருக்கறா. மிசின்ல உங்க பேரு இல்லீன்னு ஆபீசர்கிட்டச் சண்டையே போட்டுட்டாளாம். தெனமும் உங்க செட்டுலதானுங்களே உக்கார்றா."

"அந்தப் பக்கம் நமக்கு நல்ல செல்வாக்கு போலிருக்கு."

"இருக்குதுங்க. அடுத்தவாட்டி அங்கியே நில்லுங்க."

அப்போது பாலக்காட்டு பஸ் வந்தது. எழுந்து கையைக் காட்டினேன். பத்து வருடப் பழக்கத்தில், கையைக் காட்டினால் எதுவும் நிற்கும் என்று நம்பியிருந்தேன். டிரைவர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். பஸ் நிற்காமல் போய்விட்டது.

"அங்க நின்னா நம்ம கேரளா பஸ்ஸு நிக்காதுங்க" என்றார் ஷுக்கூர். "கட்டுன நாள்லருந்தே நிக்கறதில்லீங்க. இக்கட்ட, கடைப் பக்கமா வந்து நில்லுங்க, வெயிலுதான், ஆனா அடுத்தது நிறுத்துவான்."

நாலு அடி மேற்கே தள்ளி, வெயிலில் நின்றேன். வெளிச்சம் முகத்தில் சரியாக விழவில்லை.