ஹாஜறா கிண்டிய கிழங்குகள்

ஒரே புதரிலிருந்து பிரித்து நட்டதுதான். ராத்தா ஹாஜறாவின் முற்றத்தில் புள்ளி ஐரிஸ் செம்மஞ்சளாகப் பூத்துத் தள்ளியது. வேலிக்கு இந்தப் பக்கம், தங்கச்சி நஸ்லியாவின் முற்றத்தில், இலை மட்டும் விசிறியாக விரிந்து நின்றது. உம்மா வளவைப் பிரித்து இரண்டு மகள்களுக்கும் சீதன வீடு கட்டியபோதும் கிணறு ராத்தாவின் பக்கம்தான் போனது. கழிவான கிழங்கைத்தான் தந்திருப்பாள் என்று நஸ்லியாவின் மனம் ஒரு வருடமாக அரித்துக்கொண்டிருந்தது.

மாரி தொடங்குமுன், பூ முடிந்த கையோடு, ஹாஜறா மறுபடி மண்ணைக் கிண்டிக் கிழங்கு எடுத்தாள். நஸ்லியா உதவிக்குப் போவதுபோலக் காவலுக்குப் போனாள்.

"இலையப் பாதிக்கு வெட்டு புள்ள. வேர் புடிக்கும் மட்டும் அதால இலைக்குத் தண்ணி குடுக்க ஏலா."

ஹாஜறா கிழங்குகளை உடைத்து இரண்டு ஓலைக் கடகங்களில் போட்டாள். "இது ஒனக்கு. அது இங்க கிடக்கட்டும்."

ஏன் கிடக்க வேண்டும்? அந்தக் கடகத்துக் கிழங்குகள் தடிதடியாக இருந்தன. தனக்கென்று போட்டவையோ விரலளவு.

அஸருக்குப் பாங்கு சொன்னது. ஹாஜறா தொழ உள்ளே போனாள். நஸ்லியா இரண்டு கடகத்தில் இருந்ததையும் மாற்றிக் கொட்டி, வெட்டிய இலைகளை மேலே பரப்பினாள். உள்ளுக்குள் ஒரு சுகம்.

தொழுதுவிட்டு வந்த ஹாஜறா தன் கடகத்தைத் தூக்கிக்கொண்டு, சருகு எரிந்துகொண்டிருந்த குழியை நோக்கி நடந்தாள்.

"எங்க ராத்தா?"

"எரிக்கத்தான். நடுக் கிழங்கெல்லாம் கிழடு தட்டிட்டு, இனிப் பூக்கா. ஓரத்துக் குட்டியெல்லாம் ஒனக்குத்தான் போட்டிருக்கன். எங்கட வீட்டு மச்சான் இந்த முற்றத்துக்குக் கொங்கிறீட் போடப்போறாராம். ஒண்ட பக்கம் பூத்தா எனக்கும் தெரியும்தானே."

குட்டிகள் இப்போது அந்தக் கடகத்தில் என்பது நஸ்லியாவுக்கு உறைத்தது. வாய் மூடியிருந்தால் செடி அத்தோடு முடிந்தது. வாய் திறந்தால்? கடகம் புகைக்கு மேலே சரிந்தது.

"போடாதங்க! நான் மாத்திட்டன்."

ஹாஜறா இலைகளை விலக்கி, குட்டிக் கிழங்குகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போன வருஷம் எப்பிடி நட்ட?"

"இஞ்சி மாதிரி. ஒரு சாண் ஆழத்துல."

"கிழங்குட முதுகு வெயில் காணணும்டி. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்."

"கேட்டா உண்மையச் சொல்லுவீங்களோ எண்டு..."

ஹாஜறா ஏசவில்லை. ஏசியிருந்தால் நஸ்லியாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கடகத்தை மட்டும் நீட்டினாள். நஸ்லியா வேலிக் கதவைத் தாண்டியதும் பின்னால் கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவே அந்தக் கதவை இதுவரை யாரும் பூட்டியதில்லை.