எட்டாம் பாத்திக்கு மட்டும் ஒன்றுமில்லை

மூடிப்போன சுரங்கத்தின் கழிவு மேட்டில் புல் முளைக்க வைப்பதுதான் மண் டாக்டரின் வேலை. அவள் நிஜ டாக்டர் இல்லை, மண்ணைப் பரிசோதிக்கிறவள். நாள் முழுக்க அந்த மேட்டுக்கு நாடி பிடித்துப் பார்த்ததில் பெயர் ஒட்டிக்கொண்டது. மண்ணா அது? அமிலமும் ஈயமும் ஊறி, எறும்புகூட எட்டிப் பார்க்காத சாம்பல் நிறக் குப்பை.

அதில் எட்டுப் பாத்தி கட்டியிருந்தாள். ஏழு பாத்திக்கு ஆரம்பத்திலேயே ஒவ்வொரு வைத்தியம்: ஒன்றுக்குச் சுண்ணாம்பு, ஒன்றுக்கு மட்கிய உரம், ஒன்றுக்குக் கப்பலில் வந்த விலை உயர்ந்த பொடி. எட்டாவதற்கு விதை மட்டும். வைத்தியம் பார்த்ததற்கும் பார்க்காததற்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமே.

இரண்டு வருஷம் கழிந்து, மேலதிகாரி பார்வையிட வருகிற நாள். மழைக்காலம் முழுக்க ஆய்வகத்தில் இருந்துவிட்டு அன்றுதான் அவள் மேட்டுக்குத் திரும்பியிருந்தாள். ஏழு பாத்திகளும் வழுக்கையில் மிஞ்சிய முடி மாதிரி நின்றன. எட்டாவதில் புல் முழங்கால் உயரம்.

சும்மா இருந்தாலே புல் வருமென்றால் மண் டாக்டர் எதற்கு? மத்தியானம் அதிகாரி அதைத்தான் கேட்பார். சாயங்காலம் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

குனிந்து புல்லை விலக்கினாள். டீத்தூள் சக்கை. அந்த மேட்டில் அடுப்பு மூட்டி டீ போடுகிற ஆள் ஒருவர்தான்: காவலாளி. அவளுடைய சொந்தத் தாய்மாமன். சிபாரிசு செய்து சேர்த்ததும் அவளேதான்.

"மாமா, இதுல என்ன போட்டீங்க?"

"நான் ஒண்ணும் போடலையேம்மா."

"டீத்தூள் கிடக்கு."

"காத்துல வந்திருக்கும்."

"முட்டை ஓடு?"

மாமா வானத்தைப் பார்த்தார். "ஏதாவது பறவை..."

"அவிச்ச முட்டை மாமா."

மாமா தலையைச் சொறிந்தார். "ஏழு பேருக்குப் பரிமாறிட்டு இதை மட்டும் வேடிக்கை பாக்க விட்டுட்ட. மனசு கேக்கல."

கோபத்தில் அவள் முட்டை ஓட்டை எடுத்து வீசி எறிந்தாள். உண்மையைச் சொன்னால் மாமாவுக்கு வேலை போகும், மறைத்தால் தனக்குப் போகும். யோசித்து முடிப்பதற்குள் ஜீப் வந்து நின்றது.

அதிகாரி எட்டாவது பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எதுவுமே செய்யாததுதான் இவ்வளவு நல்லா வந்திருக்கா?"

மண் டாக்டர் குறிப்பேட்டைப் புரட்டுகிற மாதிரி குனிந்துகொண்டாள். மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"எதுவுமே செய்யாததா? ரெண்டு வருஷமா இடுப்பொடிய சுமந்திருக்கேன் சார். தினமும் ராத்திரி ஒரு சட்டி அடுப்புச் சாம்பல், ஒரு கூடை ஆட்டுப் புழுக்கை, முட்டை ஓடு, டீச்சக்கை. அவங்க ஏழுக்கும் ஒரே தடவை போட்டாங்க. ஒரு நாள் சாப்பிட்டா வருஷம் பூரா பசிக்காதா?"

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அதிகாரி பேனாவைத் தேடினார். "சட்டின்னா எவ்வளவு பெரிய சட்டி?"

அடுத்த மாதம் புதிதாகப் பத்துப் பாத்திகள் கட்டினார்கள். ஒன்பதுக்கு மாமாவின் கலவை, வெவ்வேறு அளவில், தினமும். பத்தாவதற்கு ஒன்றும் கிடையாது. அதைத் தொடமாட்டேன் என்று மாமாவிடம் எழுதியே வாங்கிக்கொண்டாள். அவரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாம் வாரம் மண் டாக்டர் டீ குடித்துவிட்டு, சக்கையோடு டம்ளரைக் கழுவப் போனாள். வழியில் பத்தாம் பாத்தி. மொட்டையாக, தனியாக. நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். டம்ளர் மெல்லச் சாய்ந்தது.

"போடக்கூடாதும்மா," என்றார் மாமா, திரும்பாமலே. "கையெழுத்துப் போட்டிருக்கேன்."