ஷிகா வீட்டு வழி

ஜப்பானின் கிரியூ நகரில் ஷிகா வைத்திருந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்காக நெமோட்டோ பல வருடங்கள் ஏங்கினான். விலைக்குக் கேட்டபோதெல்லாம் ஷிகா நாலு பேர் முன்னால் சிரிப்பான்: “உன் மூஞ்சிக்குக் காய்கறி வண்டி போதும்டா.”

பக்கவாதம் ஷிகாவைப் படுக்கையில் தள்ளியதும் அவன் மனைவி மியோகோ காரை நெமோட்டோவுக்கே விற்றாள். தினமும் தான் வேலை பார்க்கும் ஆலைக்கு ஓட்டிப் போவதற்காக அவன் ஏசி வைத்தான். இடுப்பை உடைக்காத ஸ்பிரிங்கும் சீட்டும் மாற்றினான். வேறு வழி இருந்தும் ஷிகாவின் வீட்டு வழியாகவே போனான்.

ஒருநாள் மியோகோ ஆலை வாசலுக்கு வந்தாள். “அந்தக் கார் சத்தம் கேட்டா எந்திரிக்கப் பாக்குறாருங்க. நேத்து விழுந்து பல்லு உடைஞ்சிருச்சு. கொஞ்சம் வேற வழியா போங்களேன்.”

“அடடா, தெரியாதுங்க. நான் பாத்துக்கறேன்” என்று நெமோட்டோ குனிந்து வணங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை காரில் இன்னும் பலமாக உறுமும் புகைக்குழாயை மாட்டினான். மறுநாள் காலை ஷிகாவின் ஜன்னலுக்கு எதிரே நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். உள்ளே மியோகோ அலறியது அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இன்னொரு முறை மிதித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.