இரட்டை வேகத்தில் பார்த்த காதல் படம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா: இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. கீழ்த்தளத்துத் தையல் கடையில், சட்டைக்குக் கை குறைக்கக் கொடுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கிழவிக்குக் காது மந்தம் என்று நினைத்து, தையல்காரியும் அவளைப் பார்க்க வந்தவரும் தாராளமாகப் பேசினார்கள்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: மழை கொட்டிய ஒரு மாலையில் அவன் அவளை

(அந்த வரியை அடித்துவிட்டேன். மழையே இல்லை. காதல் என்றதும் என் பேனா தானாகக் குடை விரித்துவிடுகிறது.)

2

அவர் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ஸ்பேனர். நாற்பது தாண்டியவர்; தையல்காரியும் அப்படித்தான். போன வாரம் "கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். அவள் தனக்குப் பிடித்த காதல் படம் ஒன்றைச் சொல்லி, "பார்த்துட்டு வாங்க, பதில் சொல்றேன்" என்றிருக்கிறாள்.

"பார்த்துட்டேன்," என்றார் ஸ்பேனர். "நல்ல படம். சட்டுனு முடிஞ்சிருச்சு."

தையல் மெஷின் நின்றது. "மூணு மணி நேரப் படம் அது."

"ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிட்டேன். வேலைக்கு நடுவுல."

"அதுல நாயகி ஆரஞ்சு உரிக்கிற இடம்?"

"உரிச்சா. மளமளன்னு."

"ஏழு நிமிஷம் உரிப்பா," என்றாள். "அவ வாய் திறக்குற வரைக்கும் அவன் ஒண்ணும் கேக்காம எதிர்ல உட்கார்ந்திருப்பான். எனக்காக யாரும் அப்படி உட்கார்ந்ததில்லைங்க."

(ஒரு படத்தை வைத்து மனுஷனை எடைபோடலாமா என்று இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. கதைப் புத்தகத்தில் வர்ணனை வந்தால் படிக்காமல் பக்கத்தைப் புரட்டுகிறவள்தானே நானும்.*)

* அந்தப் பக்கங்களில் யார் யார் எனக்காகக் காத்திருந்தார்களோ.

3

"சரி, இப்பவே போடுங்க. அதோட வேகத்துலயே," என்று ஸ்பேனர் உட்கார்ந்தார். அவள் தன் போனை மெஷின்மேல் சாய்த்து வைத்தாள். என் சட்டையை இருவரும் மறந்தார்கள்; நான் ஞாபகப்படுத்தவில்லை.

படத்தில் ஜன்னல் திரை அசைந்தது. மேலும் அசைந்தது. ஸ்பேனரின் முழங்காலும் அசைந்தது. ஆரஞ்சு வந்தபோது முழங்கால் அடங்கியிருந்தது. அப்போது பார்த்து அவர் போன் அடித்தது: எங்கோ லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே இரண்டு பேர்.

முடிவு ஒன்று: அவர் போனை அணைத்தார். (எழுதிவிட்டு வெட்கப்பட்டேன். நம் காதல் கதைக்காக அந்த இரண்டு பேர் வியர்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா?)

முடிவு இரண்டு: அவர் ஓடினார், அவள் கடையைச் சாத்தினாள். (இது என்னுடைய பழைய கோபம். அவளுடையது இல்லை.)

நடந்தது: அவர் எழுந்து, போகாமல், அவளைப் பார்த்தார். அவள் படத்தை நிறுத்தினாள். "போயிட்டு வாங்க. அவ பாதி உரிச்சபடியே இருக்கட்டும்."

4

திரும்பி வந்துவிட்டார். கையெல்லாம் கிரீஸ். அவள் படத்தை ஓடவிடவில்லை, பதிலும் சொல்லவில்லை. மறுபடி கேட்பாரா, கேட்காமல் எதிரில் உட்கார்வாரா? உட்கார்ந்தால் அவள் என்ன சொல்வாள்?

நீங்களே முடித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. உடனே வேண்டாம். முதலில் அவர் கையைக் கழுவிவிட்டு வரட்டும்.