நடந்து சம்பாதித்தது

என் உயிர் என் தம்பியின் தொப்பையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. என் வீட்டுக்காரருடையது பொருந்தவில்லை. தம்பியுடையது அச்சு அசலாகப் பொருந்தியது. ஆனால் டாக்டர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பத்துக் கிலோ குறைச்சிட்டு வாங்க. இந்த எடையில உங்க மேல கத்தி வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவனுக்கு உருண்டை என்றுதான் பெயர். வைத்தது நான்தான். இப்போது அனுபவிக்கிறேன்.

உருண்டை அன்றைக்கே ஒரு கைக்கடிகாரம் வாங்கினான். நடந்தால் எவ்வளவு கலோரி எரிந்தது என்று அது காட்டும். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை முடிந்ததும் மைதானத்துக்குப் போய் நடப்பான். ஏமாற்று நடை இல்லை, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு நேராக எதிரே உள்ள பேக்கரிக்குள் நுழைவான். கடிகாரம் நானூறு என்றால் நானூறுக்குச் சாப்பிடுவான். ஒரு வாய் குறையாது.

"இது நடந்து சம்பாதிச்சது அக்கா. எரிச்சதைத் திரும்பப் போடலைன்னா உடம்பு தளர்ந்துடுமாம். வீடியோல ஒரு மாஸ்டர் சொன்னார்."

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு யோசனை சொல்லும் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அந்தக் கடிகாரம் எரிச்சதைக் கூட்டிச் சொல்லும். தின்னதை நீங்க குறைச்சுச் சொல்லுவீங்க. நடந்ததை நடந்ததோட விட்டுடுங்க தம்பி." அவன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

எனக்கும் அதே பிழைப்புதான், தலைகீழாக. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு படுத்துக்கிடக்கிறேன். உடம்பில் தேங்கிய தண்ணீரை அது உறிஞ்சி எடுக்கிறது. எடுத்ததைத் திரும்பக் குடித்துவிடக் கூடாது, மூச்சு முட்டும். நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளும்போது ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டு, கரைந்துவிடுமே என்று பயந்து பயந்து சப்புவேன். இப்படி இருக்கிறவளிடம் வந்து, நடந்தேன் அதனால் தின்றேன் என்றால் பற்றிக்கொண்டு வராதா?

திரைச்சீலை தைக்கும் கடையில் இருந்தவள் நான். தையல் மெஷின் இப்போதும் வீட்டில் இருக்கிறது. நீ இளைத்ததும் உன் பேன்ட் இடுப்பையெல்லாம் நானே பிடித்துத் தருகிறேன் என்று அவனிடம் சொல்லிவைத்திருந்தேன். போன வாரம் ஒரு பேன்ட்டோடு வந்தான். ஆசையாக வாங்கினேன்.

"கொஞ்சம் பிரிச்சு விடணும்க்கா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

பிரித்து விட்டேன். மறுநாள் சாயங்காலம் அவனோடு மைதானத்துக்கே கிளம்பிவிட்டேன். அவன் சுற்றிச் சுற்றி வந்ததை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். முடித்துவிட்டு பேக்கரியில் இரண்டு கிரீம் பன் வாங்கிக்கொண்டு, சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு ஒரு நாள் சாப்பிடாதேடா. எனக்காக."

அவன் பன்னையே பார்த்தான்.

"பசிக்குதா?"

"இல்லக்கா."

"அப்புறம் என்னடா?"

பன்னைப் பிய்த்தான். வாயில் போடவில்லை. "குறைஞ்சிட்டா... ஆபரேஷனுக்குக் கூப்பிட்டுருவாங்களேக்கா."

சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டான். அதுவரை அவனுக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

எனக்குக் கோபம் வந்தது. தட்டோடு எடுத்து அவன் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? முன்பின் தெரியாத யாராவது செத்து, அவர்கள் கிட்னி எனக்குக் கிடைக்கும் என்று காத்திருந்தால் அதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

"வேணாம்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமேடா."

"உங்கிட்டயா? எப்படிக்கா சொல்லுவேன்?"

கன்னம் இரண்டும் ஆடின. சின்ன வயதில் ஊசி என்றாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்ட பையன் இவன். வெளியே இழுத்துவர எப்போதும் என்னைத்தான் அனுப்புவார்கள். காலைப் பிடித்து இழுப்பேன், கத்திக்கொண்டே வருவான். இந்தத் தடவை எனக்குக் கை வரவில்லை.

"சாப்பிடு" என்று தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன். கடைக்காரரிடம் ஒரு டீ கேட்டேன், பெரிய டம்ளரில்.

"அக்கா, நீ குடிக்கக் கூடாதே!"

"நாளைக்கு மெஷின் எடுத்துக்கும். நீ மட்டும்தான் திரும்பப் போடுவியா?"

அடி வரைக்கும் குடித்தேன். எத்தனை மாதமாயிற்று! தொண்டையில் சூடு இறங்க இறங்க அழுகை வந்தது. அவன் அழுதுகொண்டே இரண்டு பன்னையும் தின்று முடித்தான்.

மறுநாள் என்னை மெஷினோடு மாட்டியபோது நர்ஸ், தண்ணீர் ஏறியிருக்கிறது என்று திட்டினாள். டாக்டர் வந்தார். "தம்பி எந்த அளவுல இருக்கார்? அடுத்த மாசம் எடை பார்த்துடலாமா?"

அவன் கிட்னி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் பயந்தது எல்லாருக்கும் தெரிந்துவிடும், அப்புறம் அவன் என் முகத்தில் எப்படி விழிப்பான்?

"தினம் நடக்கிறான் டாக்டர்" என்றேன். "குறைஞ்சுக்கிட்டேதான் வர்றான்."

வாசல் பக்கம் நின்றிருந்த உருண்டை, டாக்டர் திரும்பிப் பார்த்ததும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான்.