பரிந்துரை மேசையில் தம்பியின் புத்தகம்

சனிக்கிழமைதோறும் நூலகத்தைத் திறந்தவுடன், வாயிலுக்கு எதிரே கிடக்கும் வட்ட மேசையின்மீது நான்கு புதிய நூல்களை நிறுத்தி வைப்பது நூலகரின் வழக்கம். வரலாறு ஒன்று, புராணம் ஒன்று, அரசியல் ஒன்று, மனித இனங்களைப் பற்றியது ஒன்று. கதை நூல்களை வாசகர் தாமே தேடிக்கொள்வர். இவற்றுக்குத்தான் ஒருவர் கைகாட்ட வேண்டியிருக்கிறது என்பது அவ்வம்மையாரின் எண்ணம். முழுவதும் படித்துப் பாராத எந்த நூலையும் அவர் அம்மேசையில் வைத்ததில்லை.

அண்மைக் காலமாக அந்த வேலை அவருக்குச் சலித்துப் போயிருந்தது. பெட்டி பெட்டியாக வந்திறங்கும் நூல்களின் பின்னட்டை ஒவ்வொன்றும், இதுவரை எவரும் சொல்லாத உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் செய்தது. எவரும் சொல்லாதவை இத்தனை இருந்தால், சொன்னவைதாம் எவை என்று அவர் தமக்குள் கேட்டுக்கொள்வார். கண்ணாடியைக் கழற்றினால் எழுத்துத் தெரிவதில்லை. மாட்டினால் தலை வலித்தது. ஆயினும் சனிக்கிழமை வந்தால் மேசை காலியாக இருக்கக் கூடாது.

அவருடைய தம்பியார் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி மறைந்தபின் அக்காளின் வீட்டோடு வந்து தங்கியவர். ஓய்வு பெற்ற கையோடு வரலாற்றாசிரியராகி, ‘இக்கரையின் மூத்த குடி’ என்று ஒரு நூலை எழுதித் தாமே அச்சிட்டு வெளியிட்டார். அட்டையில் ஆறு, ஆற்றுக்குமேல் சூரியன், சூரியனுக்குமேல் தம்பியார்.

நகரின் நடுவே ஓடும் ஆற்றுக்கு இக்கரையில் வாழ்வோர் சூரியனின் நேர் வழித்தோன்றல்கள் என்றும், அக்கரையில் வாழ்வோர் எங்கிருந்தோ பிழைக்க வந்த, உறவுமுறைகூட அறியாத கூட்டத்தார் என்றும் அந்நூல் கூறிற்று. புராணம் அதில் வரலாறு என்று நின்றது. வெறுப்பு ஆராய்ச்சி என்று நின்றது. நூலகர் பாதிவரை படித்தார். அதற்குமேல் முடியாமல் மூடிவிட்டார்.

“அக்கா, இந்த வாரமாவது மேசையில வைக்கிறியா?”

“பாக்கலாம்.”

“போன வாரமும் பாக்கலாம்னுதான் சொன்ன. பாத்துப் பாத்து உனக்குக் கண்ணே பூத்துப் போச்சு போல.”

“ஆமாடா, நீ எழுதினதப் படிச்சுதான் பூத்துப் போச்சு.”

“நல்லா கிண்டல் பண்ணு. எவன் எவனோ எழுதினத எல்லாம் வெச்சு அழகு பாக்குற. கூடப் பொறந்தவனுக்கு ஒரு ஓரம் கெடைக்கல.”

அதன்பின் தம்பியார் பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பாட்டுத் தட்டைத் தம் அறைக்கு எடுத்துச் சென்று உண்டார். கேட்டதற்குத் தலையசைப்பு, கேளாததற்குப் பெருமூச்சு. வீட்டில் இருப்போர் இருவர். அவர்களுள் ஒருவர் வாயை மூடிக்கொண்டால் மற்றவர் சுவரோடுதான் பேச வேண்டும். அந்த வாரம் முழுவதும் சுவரோடு பேசிய நூலகர், வெள்ளிக்கிழமை மாலை தளர்ந்து போனார்.

“ஒரே ஒரு வாரம். அதுக்கப்புறம் என்னக் கேக்கக் கூடாது” என்றார், மூடிய கதவைப் பார்த்து.

கதவு உடனே திறந்தது. “காப்பி போடட்டுமாக்கா?” என்றார் தம்பியார்.

மறுநாள், இனங்களைப் பற்றிய நூல் நிற்க வேண்டிய இடத்திலிருந்து தம்பியாரின் முகம் வாயிலை நோக்கிச் சிரித்துக்கொண்டிருந்தது. எவர் அதைத் தொடப் போகிறார் என்று நூலகர் தம்மைத் தேற்றிக்கொண்டார். நண்பகலில் பல் மருத்துவரைக் கண்டு திரும்பியபோது மேசையில் மூன்று நூல்களே இருந்தன.

“அத யாரு எடுத்தா?” என்று பதிவு செய்யும் பெண்ணைக் கேட்டார்.

“நம்ம பஸ் டிரைவர் மேடம். நீங்க இல்லன்னு சொன்னேன். ‘மேடம் வெச்சிருக்காங்கல்ல, அது போதும்’னு சொல்லி எடுத்துட்டுப் போயிட்டாரு.”

நூலகர் பதிவேட்டைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த ஓட்டுநர் அக்கரைக்காரர். பல ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில், ஒரு நடைக்கும் மறு நடைக்கும் இடையே கிடைக்கும் சிறு பொழுதில் வந்து, மேசையிலிருந்து ஒரு நூலை எடுத்துச் செல்பவர். தலைப்பைக்கூடப் பார்ப்பதில்லை. “படிக்கிறதுக்கே நேரம் பத்தல மேடம், தேடறதுக்கு எங்க போறது? அத நீங்க பாத்துக்கங்க” என்பார். திருப்பித் தரும்போது எது நன்றாக இருந்தது, எது இழுவை என்று நின்றவாறே சொல்லிவிட்டு ஓடுவார். நூலகர் படித்துக் களைத்த நாள்களில், இன்னும் சில பக்கங்களைப் புரட்டச் செய்தது பெரும்பாலும் அந்த ஒருவரைப் பற்றிய நினைவே.

அவருடைய தொலைபேசி எண் பதிவில் இருந்தது. நூலகர் தொலைபேசியைக் கையில் எடுத்தார். எடுத்து எதைச் சொல்வது? வைத்துவிட்டார்.

வீட்டிலோ தம்பியார்க்குக் கால் தரையில் பாவவில்லை.

“யாருக்கா எடுத்தது? படிச்சவரா?”

“படிக்கிறவர்.”

“எதப் பத்தியாவது சந்தேகம் கேட்டா என்னக் கூப்பிடு, என்ன?”

கூப்பிடத் தேவை நேரவில்லை. அடுத்த சனிக்கிழமை தேய்த்த சட்டையுடன் தம்பியார் தாமே வந்து, நாளிதழ் படிப்போர் நாற்காலியில் அமர்ந்துகொண்டார். நாளிதழைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை என்பதைத் தவிர, அதை அவர் படித்ததற்கு வேறு சான்று இல்லை.

ஓட்டுநர் சீருடையோடு உள்ளே வந்தார். நூலை நூலகரின் முன்னே வைத்தார்.

“வாங்க, உக்காருங்க” என்றார் நூலகர்.

“வண்டி நிக்குது மேடம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இதுல நான் எதப் பாத்திருக்கணும்?”

நூலகர் கண்ணாடியைக் கழற்றினார்.

“முதல் அத்தியாயத்துலயே மூடி வெச்சிருப்பேன். அப்புறம் நெனச்சேன், மேடம் சும்மா வெக்க மாட்டாங்க, உள்ள எங்கயோ விஷயம் இருக்கும்னு. கடைசிப் பக்கம் வரைக்கும் தேடிட்டேன். பிடிபடல. நான் எதையாவது தவற விட்டுட்டேனா?”

“எந்த இடம் சார் புரியல? நான் விளக்குறேன்” என்று தம்பியார் எழுந்து வந்தார்.

ஓட்டுநர் அவரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடியும் அவரைப் பார்த்தார்.

“அட, நீங்கதானா சார் இது?”

“நான்தான்.”

“புரியாம இல்ல சார், நல்லாவே புரிஞ்சுது. எங்களுக்கு உறவுமுறையே தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. எங்க அத்தைகிட்ட வாசிச்சுக் காட்டினேன். ‘அப்பாடா, அப்போ நாளைக்கு உன் சித்தப்பா வீட்டுக்குப் போக வேண்டாம்ல’ன்னாங்க. எங்களுக்கு இருக்கிற சொந்தத்த நெனச்சா, நீங்க எழுதின மாதிரியே இருந்திருந்தா நிம்மதி சார்.”

அவர் மட்டுமே சிரித்தார். அந்தச் சிரிப்பும் விரைவில் ஓய்ந்தது.

“நீங்க அக்கரையா?” என்றார் தம்பியார், குரல் தாழ்ந்து. “அது பொதுவா எழுதினது. உங்களச் சொல்லல.”

“பொதுவுல நானும் இருக்கேனே சார்.” ஓட்டுநர் நூலகரிடம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க மேடம்.”

எல்லாக் கருத்துக்கும் நூலகத்தில் இடமுண்டு. வாசகரே முடிவு செய்ய வேண்டும். இத்தகைய வாக்கியங்கள் பல நூலகரின் நாவருகே வந்து நின்றன. கூட்டங்களில் பலமுறை பேசித் தேய்ந்த வாக்கியங்கள். அவற்றைத் தூக்கி எடுக்கவும் அவருக்கு வலுவில்லை.

“நீங்க எதையும் தவற விடல. அதுல ஒண்ணும் இல்ல. இவன் என் தம்பி. வீட்டுல பேசாம இருந்தான், அதனால வெச்சேன். நான் பாதிக்கு மேல படிக்கவும் இல்ல.”

“அக்கா!”

“நீ சும்மா இருடா.”

ஓட்டுநர் சிறிது நேரம் நூலின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நான் முழுசாப் படிச்சேன் மேடம்” என்றார்.

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நூலகர் மன்னிப்புக் கேட்டிருப்பார். வெளியே நடத்துநர் அழுத்திய பேருந்தின் ஒலிப்பான் கேட்டது. “வரேன்” என்று சொல்லி, மேசையிலிருந்து எதையும் எடுக்காமல் ஓட்டுநர் வெளியேறினார்.

தம்பியார் தம் நூலை எடுத்துக்கொண்டு மூலை நாற்காலிக்குப் போனார். நூலகம் மூடும்வரை அங்கேயே இருந்தார். எந்தப் பக்கத்தைப் படித்தார் என்று அக்காள் கேட்கவில்லை. வீட்டுக்கு நடக்கும் வழியில் அவரே பேசினார்.

“நம்ம சொந்தக்காரங்க ஒருத்தரும் முழுசாப் படிக்கலக்கா. நீயும் படிக்கல.”

“ஆமா.”

“அத மேசையில மறுபடி வைக்காத.”

“வைக்கல.”

அந்த வாரம் நூலகர் அடுத்து மேசைக்கு வர வேண்டிய நான்கு நூல்களையும் மீண்டும் ஒருமுறை படித்தார். தலைவலியைப் பொருட்படுத்தவில்லை. நல்ல நூல்கள், ஒன்று மிக நல்ல நூல். அதனைக் கதவைத் திறந்ததும் கண்ணில் படும் பக்கத்தில் நிறுத்தினார்.

சனிக்கிழமை ஓட்டுநர் வழக்கம்போல் வந்தார். வணக்கம் சொன்னார். மேசையைக் கடந்து, அலமாரிகளுக்கிடையே சென்றார். குனிந்து ஒரு நூலை உருவுவதும், பின்னட்டையை உதடசைத்துப் படிப்பதும், திரும்பச் செருகுவதுமாக நெடுநேரம் நின்றார். கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டார். நூலகர் இருக்கையிலிருந்து எழ முயன்று, எழாமல் இருந்துவிட்டார்.

முடிவில் ஓட்டுநர் தடித்த நூல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். மன்னர்களின் போர்களைப் பற்றியது, பொன்னெழுத்து அட்டை. முன்பொரு நாள் நூலகர் அதைக் கடைசிவரை படித்து, மேசைக்கு ஆகாது என்று ஒதுக்கியிருந்தார். பிழைகள் மலிந்தது, பாதி மற்றொருவரிடமிருந்து எடுத்தது.

அதைச் சொல்ல வாயெடுத்தார். ஓட்டுநர் அட்டையைத் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தார்.

நூலகர் தேதியை முத்திரையிட்டு நூலை நீட்டினார்.

“பதினஞ்சு நாள்ல திருப்பணும்” என்றார், முதன்முறை வருவோரிடம் சொல்வதுபோல.